கருவாட்டோடு பட்டணம் பார்த்தல்

"ஏளா, கருவாட்டு மூட்டய மிருகக்காட்சி சாலைக்குள்ள விடுவாவளா?"

எழுபத்தைந்திலோ எழுபத்தாறிலோ, பெரியதாழையிலிருந்து தூத்துக்குடி போகும் பஸ்ஸில், எனக்கு முன்னால் இருந்தவர் தம் மனைவியிடம் இப்படிக் கேட்டார். பக்கத்தில் கல்யாண வயதில் ஒரு மகள். மூட்டை என் காலடியில் இருந்தது. பார்ப்பதற்கு முன்பே மூக்கு கண்டுபிடித்துவிட்டது. தூத்துக்குடியில் ரயிலேறி மெட்ராஸ் போகிறார்கள். அங்கே ஒரு பகல் ஊர் சுற்றிப் பார்த்துவிட்டு, மறுநாள் பினாங்குக்குக் கப்பல். பினாங்கில் அவருடைய தங்கை இருக்கிறாள்.

"புலி மோப்பம் புடிச்சா யாரு பதில் சொல்ல?" என்றாள் மனைவி.

"அப்ப மியூசியம் போவோம். அங்கன எல்லாம் செத்ததுதான, ஒண்ணும் மோந்து பார்க்காது."

"காவக்காரன் உசிரோடதான இருப்பான்."

"பதினாலு மாடிக் கட்டடம்?"

"லிப்டுக்குள்ள போட்டுக் கதவ அடைச்சா, கூட நிக்கவன் என்ன ஆவான்?"

அவர் திரும்பி என் காலடியைப் பார்த்தார். "மூட்டய வீட்டுலயே வச்சிட்டு வந்திருக்கலாம்."

"கருவாடு இல்லாம போய் நின்னா உங்க தங்கச்சி வீட்டுக்குள்ள விடுவாளா?"

"சரி, மெரினாவுக்குப் போவோம். காத்து அடிக்கும், வாசம் தெரியாது."

"பெரியதாழக்காரி மெட்ராஸுக்குப் போயி கடலப் பார்க்கணும். மறுநா கப்பல்ல ஏறி திரும்பவும் கடலயே பார்க்கணும். நல்லாருக்கு."

அதுவரை ஜன்னல் வழியே உப்பளத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மகள் திரும்பினாள்.

"யப்பா, கப்பல்ல கருவாட்ட விடுவாவளா?"