வட்டம் போட்ட ஐந்து

பெயர்: ஷௌக்கி அப்துல் மவ்ஜூத். வயது: 55. தொழில்: கணக்கு ஆசிரியர். முகவரி: மல்லவி நகரம், கால்வாய்க் கரைத் தெரு, மாவு மில்லுக்கு மேல் மாடி.

நான் மேற்கண்ட முகவரியில் மனைவியுடன் குடியிருந்து வருகிறேன். தனியார் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் வேலை செய்கிறேன். பள்ளி முதல்வர் மம்தூஹ் கொடுத்த புகாரை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். அதில் பாதி உண்மை. மற்றப் பாதி கல்குவாரித் தொழிலாளி ஸாபிரைப் பற்றியது, அது பொய். அவரை நேற்று முதல் இந்தப் போலீஸ் நிலையத்தில் பூட்டி வைத்திருப்பதால்தான் வக்கீலுக்குக் காத்திராமல் இதைச் சொல்கிறேன்.

எங்கள் பள்ளியில் ஆண்டுதோறும் தேர்வு வைத்து ஆறு பிள்ளைகளைக் கட்டணமில்லாமல் சேர்ப்பது வழக்கம். இந்த ஆண்டு கணக்குத் தாள்களைத் திருத்த, செயற்கை நுண்ணறிவில் இயங்கும் நிரல் ஒன்றை முதல்வர் வாங்கினார். தாளைப் படம் எடுத்துக் கொடுத்தால் அதுவே கையெழுத்தைப் படித்து மதிப்பெண் போடும். அதன் பின்னர் ஓர் ஆசிரியர் தாளையும் மதிப்பெண்ணையும் ஒத்துப் பார்த்து ‘சரிபார்த்தேன்’ என்ற பொத்தானை அமுக்க வேண்டும். அந்த ஆசிரியர் நான். மொத்தம் 212 தாள்கள். முதல் மூன்றைப் பார்த்தேன், சரியாக இருந்தன. அதன் பின்னர் டீ வந்தது, அதன் பின்னர் நான் ஒரு தாளையும் திறக்கவில்லை, பொத்தானை மட்டும் அமுக்கினேன். முப்பது வருடம் சிவப்பு மையில் ஊறிய விரலுக்கு அது சுகமாக இருந்தது என்பதையும் எழுதிக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன்.

முடிவு வெளியான மறுநாள் மாலை ஸாபிர் தன் மகள் ஷுரூக்குடன் என் வீட்டுக்கு வந்தார். அதற்கு முன் அவரை நான் பார்த்ததில்லை. குளித்துவிட்டு வந்திருந்தும் அவர் இமைகளில் கல்தூசி வெள்ளையாக ஒட்டியிருந்தது. பள்ளி அனுப்பிய மகளின் திருத்திய விடைத்தாள் படம் அவர் போனில் இருந்தது, அதில் சரிபார்த்தவர் என்று என் பெயரும் இருந்தது. நூற்றுக்கு அறுபது. பேசியது மகள்தான்.

“எட்டு கணக்கு தப்புன்னு போட்ருக்கு உஸ்தாத். ஒண்ணு நெஜமாவே நான் பண்ண தப்பு. மத்த ஏழுலயும் விடையில அஞ்சு வருது.”

“அதுக்கென்ன?”

“அஞ்ச அது சைபர்னு படிச்சிருக்கு.”

நான் போனை வாங்கிப் பார்த்தேன். எங்கள் அரபு எண்ணில் ஐந்து என்பது ஒரு வட்டம், பூஜ்யம் என்பது ஒரு புள்ளி. அரசுப் பள்ளிப் பிள்ளைகள் அப்படித்தான் எழுதுவார்கள். இதை எழுதிக்கொண்டிருக்கும் அதிகாரியும் என் வயதை இரண்டு வட்டமாகத்தான் போட்டிருக்கிறார். பணக்காரப் பள்ளிப் பிள்ளைகள் மட்டும் 5, 0 என்று வெளிநாட்டு எண்களை எழுதுகிறார்கள். நிரலுக்குத் தெரிந்தது அவர்களுடைய எண்தான். அதற்கு வட்டம் என்றால் பூஜ்யம், புள்ளி என்றால் மைக்கறை. தேர்வு எழுதியவர்களில் 41 பேர் அரசுப் பள்ளிப் பிள்ளைகள், ஒருவர்கூடத் தேறவில்லை. இந்தப் பள்ளிக்கு வருவதற்கு முன் பதினொரு வருடம் அரசுப் பள்ளியில் இருந்தவன் நான். எத்தனையோ பிள்ளைகளின் கையைப் பிடித்து அந்த வட்டத்தை எழுதப் பழக்கியிருக்கிறேன். எனக்கு அப்போது முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அன்று ஸாபிர் கரும்புப் பாகு ஒரு ஜாடி கொண்டு வந்தார். புகாரில் லஞ்சம் என்று எழுதியிருப்பது அதுதான். ஒருவர் வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது என்று கொண்டு வந்தார். ஜாடியை வெறுமையாகத் திருப்பித் தரக் கூடாது என்று என் மனைவி அதில் பாலாடைக்கட்டி வைத்துக் கொடுத்தாள். அது லஞ்சம் என்றால் அவளையும் பிடிக்க வேண்டும்.

மறுநாள் முதல்வரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் கணினியைத் திருப்பிக் காட்டினார்.

“212 தாளுக்கும் நீங்கதான அமுக்கியிருக்கீங்க உஸ்தாத் ஷௌக்கி?”

“ஆமா.”

“அப்ப மெஷின் தப்பு பண்ணல, நீங்க பண்ணியிருக்கீங்க. வெளிய சொல்லணும்னா சொல்லுங்க, ராஜினாமாவையும் கையோட எழுதிட்டுப் போங்க.”

ஓய்வுக்கு இன்னும் ஐந்து வருடம் இருந்தது. வாயை மூடிக்கொண்டு எட்டு நாள் இருந்தேன். ஒன்பதாம் நாள் காலை பள்ளிக்குப் போகும் வழியில், வெங்காயம் உலர்த்தும் களத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் வண்டியில் ஷுரூக்கைப் பார்த்தேன். பின்னால் பெண்களோடு நின்றுகொண்டிருந்தாள். “ஸலாம் உஸ்தாத்” என்றாள், கோபமே இல்லாமல். திட்டியிருந்தால்கூடப் பேசாமல் போயிருப்பேன்.

அதன் பின்னர் நான் பள்ளி அலுவலக அலமாரியைத் திறந்து அவள் தாளை எடுத்து, சிவப்புப் பேனாவால் 60-ஐ அடித்து 95 என்று எழுதி, சேர்க்கைக் கடிதம் ஒன்று தயாரித்து, முதல்வரின் முத்திரையைக் குத்தினேன். மாலையில் ஸாபிர் வீட்டுக்குப் போய்க் கொடுத்தேன். பள்ளியே திருத்திக் கொடுத்தது என்று சொன்னேன், அவர் நம்பினார். கடிதத்தைத் தொடுமுன் கையைச் சட்டையில் இரண்டு முறை துடைத்தார். ஷுரூக் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“மத்த நாப்பது பேரு தாளையும் திருத்திட்டாங்களா?”

“மொதல்ல நீ சேரு” என்றேன்.

நேற்றுக் காலை ஸாபிர் அந்தக் கடிதத்தோடு பள்ளிக்குப் போனார். முதல்வர் அவரை உட்காரச் சொல்லி, டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டு, போலீசுக்குப் போன் செய்தார். அதன் பின்னர் என்னையும் வீட்டிலிருந்து அழைத்து வந்தார்கள். ஷுரூக் இன்று காலையும் வெங்காயக் களத்துக்குப் போனதாக, வாசலில் நிற்கும் அவள் தாய் சொன்னாள். தாளைத் திருத்தியதும் முத்திரை குத்தியதும் நான் மட்டுமே. ஸாபிருக்கு எதுவும் தெரியாது. அவரை விடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இதைத் தவிர வேறு ஏதாவது பொய் ஆவணம் தயாரித்ததுண்டா என்று அதிகாரி கேட்டார். உண்டு, 209 தாள்களைப் பார்க்காமலே சரிபார்த்தேன் என்று ஒப்பமிட்டிருக்கிறேன், அதில் நாற்பது தாள்கள் இன்னும் அந்த அலமாரியில் அப்படியே இருக்கின்றன என்றேன். “அது புகார்ல இல்லயே உஸ்தாத்” என்றார். இல்லாவிட்டாலும் எழுதுங்கள் என்று கேட்டதன் பேரில் எழுதிக்கொண்டார்.

இதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, யாரும் என்னை மிரட்டிச் சொல்ல வைக்கவில்லை. இம்முறை முழுவதும் படித்துப் பார்த்துவிட்டே கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) ஷௌக்கி அப்துல் மவ்ஜூத்