நாற்காலிக்கு அடியில்

எழுந்திரிக்கச் சொல்லல சார். லேசா முன்னால சாஞ்சாப் போதும். ஒரு நிமிஷ வேலை... அட, முறைக்காதீங்க! உங்க இடத்தப் பிடிக்க வரல. ஒன்பது நாளா இதே நடுத்தெருவுல உக்காந்து ஓய்வூதியத்துக்காகக் கத்திட்டிருக்கீங்க, தெரியும். உங்க நாற்காலிக்கு அடியில துரு. அதச் சுரண்டணும். இதோ பாருங்க, உப்புத்தாள்.

வேணாமா? சரி. அப்ப பக்கத்துல உக்காந்துக்கறேன். இது நான் ஏற்கெனவே சுரண்டின நாற்காலி. காலையிலேர்ந்து முப்பத்தொண்ணு முடிச்சாச்சு. முப்பத்தொரு தடவ குனிஞ்சு நிமிந்தா முட்டி என்னத்துக்கு ஆவும்?

நான் அதிகம் பேசறவன் இல்ல. கேட்டதுக்கு மட்டும்தான் பதில். நீங்க கேக்கல. இருந்தாலும் சொல்றேன்.

அந்த எதிர் மொட்டை மாடியப் பாருங்க. வெடுக்குனு திரும்பாதீங்க, மெதுவா... ஆங். டிவிக்காரன். கேமராவ நம்ம மேலயே வெச்சிருக்கான். நேத்து செய்தியில என்ன சொன்னான்? "ஓய்வு பெற்ற வாத்தியாருங்களுக்கு ஒரே மாதிரி நானூறு பச்சை நாற்காலி எங்கேர்ந்து வந்துச்சு? இதுக்குப் பின்னால அந்நியத் தூதரகம் இருக்கு!" அந்தத் தூதரகம் எங்களுது. ஆமா, நான் அங்கதான் வேலை பாக்கறேன். செய்திப் பிரிவு. கத்தாதீங்க சார், உக்காருங்க!

தூதரகம்னா ஏதோ ரகசியக் கோட்டைன்னு எல்லாருக்கும் நெனப்பு. வந்து பாருங்க. கழிவறையில குழாய் ஒழுகுது. மூணு மாசமா ஒழுகுது. ஒரு குழாய நிறுத்தத் துப்பில்லாத நாங்க, உங்க அரசாங்கத்தக் கவுக்கறமாம்!

எங்க மாடியில வட்டமா ஒரு தட்டு இருக்கா? அது மழை மேகத்தத் திருப்பி விடுதாம். போன வருஷம் உங்க ஊர்ல தண்ணிப் பஞ்சம் வந்ததுக்கு அதான் காரணமாம். அது கால்பந்து பாக்கறதுக்கு சார். அதுவும் பாதி நேரம் படம் வராது. அப்புறம் எங்க சமையல்காரர். சந்தையில பத்துக் கிலோ வெங்காயம் வாங்கினாரு. மறுநாள் செய்தி, போராட்டக்காரங்களுக்குத் தூதரகச் சாப்பாடுன்னு. அந்த மனுஷன் வழுக்கைக்கு வெங்காயச் சாறு தேய்க்கறாரு. இத நான் எப்படி அறிக்கையில எழுத? நாட்டோட மானம் என்னாவறது?

மறுத்தாலும் குத்தம். மறுக்கலன்னா ஒத்துக்கிட்டாச்சும்பான். ரெண்டுக்கும் நடுவுல முப்பது வருஷம் குப்பை கொட்டியிருக்கேன்.

மறுப்பு எழுதறதுக்கு ஒரு கணக்கு இருக்கு. மூணே வரி. நாலாவது வரி எழுதினா மாட்டிக்குவோம். அவன் சொன்னத நம்ம வாயால திருப்பிச் சொல்லக் கூடாது. பழைய தூதர் ஒருத்தர், "எங்கள் தூதரக நாய்க்கு வேவு பார்க்கப் பயிற்சி எதுவும் தரவில்லை"ன்னு என்னக் கேக்காம அறிக்கை விட்டாரு. அதுவரைக்கும் எங்ககிட்ட நாய் இருக்கறதே யாருக்கும் தெரியாது. மறுநாள் வாசல்ல பன்னெண்டு கேமரா. நாய் பயந்து நாலு நாள் கட்டிலுக்கு அடியிலேர்ந்து வெளிய வரல. உடனே, "நாய் எங்கே?"ன்னு தலைப்புச் செய்தி!

சிரிக்கறீங்க. சிரிங்க. லேசா முன்னால சாஞ்சுக்கிட்டே சிரிக்கலாமே?... முடியாதா? பிடிவாதக்காரர் சார் நீங்க. கணக்கு வாத்தியாரா? நெனச்சேன்.

மணி என்ன? மூணே முக்காலா! நாலு மணிக்கு எங்க மேடம் நேரலையில பேசப் போறாங்க. மேடம்னா தூதர். வந்து எட்டு மாசம் ஆவுது. நல்லவங்க. அதான் பிரச்சினையே. நான் எழுதிக் குடுக்கற ஒவ்வொரு மறுப்பையும் கையில வெச்சுக்கிட்டு, "இது உண்மைதானே?"ம்பாங்க. இத்தன வருஷத்துல ஒருத்தரும் அப்படிக் கேட்டதில்ல. முதல் தடவ கேட்டப்ப எனக்குக் கோவம்தான் வந்துச்சு. ஆனா ஒண்ணு. முப்பது வருஷத்துல நான் எழுதின மறுப்புல ஒரு பொய் கெடையாது. ஒண்ணுகூட. இந்த வாரம் வரைக்கும்.

என்ன பாக்கறீங்க? வானத்தப் பாருங்க. இருட்டிக்கிட்டு வருது. மழ வரதுக்குள்ள இந்த வரிசையாவது முடிக்கணும்.

துரு இல்ல சார். சரி, சொல்லிடறேன். துரு இல்ல.

போன வருஷம் எங்க நாட்டு விழாவுக்கு நாப்பது மடக்கு நாற்காலி வேணும்னு எழுதினேன். ஒரு பூஜ்யம் கூடப் போட்டுட்டேன். நானூறு வந்து எறங்கிடுச்சு. கிடங்கு நெறஞ்சு, மாடிப்படிக்கு அடியில நெறஞ்சு, நடைபாதையில அடுக்கி... மேடம் ஒருநாள் அதுல முழங்கால இடிச்சுக்கிட்டாங்க. "நான் லீவு முடிஞ்சு வரும்போது நடைபாதையில ஒரு நாற்காலி இருக்கக் கூடாது"ன்னு சொல்லிட்டுப் போனாங்க. நான் என்ன பண்ண? தூதரகத்துப் பொருள வெளிய குடுக்கணும்னா, உங்க வெளியுறவு அமைச்சகத்துக்கு மூணு பிரதி கடுதாசி எழுதணும். பதில் வர மூணு மாசம். மேடம் வரதுக்கோ மூணு நாள்!

அப்பத்தான் பக்கத்துக் கட்டடத்துலேர்ந்து உங்க சங்கச் செயலாளர் அம்மா வந்தாங்க. பொதுக்குழு நடத்தணும், உக்கார எடமில்லன்னாங்க. "எத்தன வேணும்?"னு கேட்டேன். "எத்தன குடுப்பீங்க?"ன்னாங்க. கடுதாசியும் இல்ல, கையெழுத்தும் இல்ல, ஒரே மத்தியானத்துல நானூறும் போயிடுச்சு. அன்னைக்கு நான் நிம்மதியாத் தூங்கினேன் சார்.

நீங்க என்ன பண்ணீங்க? பொதுக்குழுவுல ஓய்வூதியத்தப் பத்திப் பேசிப் பேசி, சூடாயி, "வாங்க, நிதி அமைச்சகத்து வாசல்லயே பேசுவோம்"னு ஆளுக்கொரு நாற்காலியத் தூக்கிட்டு ரோட்டுக்கு வந்துட்டீங்க! வெறும் தரையில உக்காந்து போராடக் கூடாதா? எல்லாருக்கும் முட்டி வலியாம். எனக்குந்தான் வலிக்குது.

இருங்க, இன்னும் முடியல. டிவிக்காரன் எங்களப் பழி சொன்னான்னு ஆபீஸ்ல ஒருத்தன் ஓடி வந்து சொன்னான். என்ன ஏதுன்னு கேட்டனா? பழி வந்தா மறுக்கணும். கை பழகிப் போச்சு. "எங்கள் நாடு யாருக்கும் ஒரு நாற்காலிகூடத் தரவில்லை." மேடத்துக்கு அனுப்பிட்டேன். அனுப்பிட்டு டீ குடிச்சுக்கிட்டே அந்தச் செய்திய முழுசாப் பாக்கறேன்... ஓரத்துல கிழிஞ்ச பச்சை நாற்காலி. கிழிச்சவனே நான்தான். படிக்கறதுக்கு முன்னாடியே மறுத்துட்டேன் சார்!

மேடம் "இது உண்மைதானே?"ன்னு கேட்டாங்க. தலையாட்டிட்டேன். வாயத் தொறந்து பொய் சொல்லல. தலைதான் ஆடுச்சு. நாலு மணிக்கு அந்த வரிய அவங்க ஊரறியப் படிக்கப் போறாங்க. பொய்னு தெரிஞ்சா நாப்பத்தெட்டு மணி நேரத்துல பெட்டியக் கட்டுன்னு உங்க அரசாங்கம் சொல்லும். எனக்கில்ல, அவங்களுக்கு.

யாருக்குத் தெரியப் போவுதுங்கறீங்களா? ஒவ்வொரு நாற்காலிக்கும் அடியில வெள்ளப் பெயிண்ட்ல "தூதரகச் சொத்து"ன்னு எழுதியிருக்கு. இவ்வளவு பெருசு. எழுத வெச்சதும் நான்தான். சமையல்காரர் ஒரு நாற்காலிய அடுப்படிக்குத் தள்ளிட்டுப் போயிட்டாரு, அந்தக் கோவத்துல! ஒன்பது நாளா ஒருத்தர்கூட நாற்காலியத் திருப்பிப் பாக்கல. வாத்தியாருங்க சார் நீங்கள்லாம். தாளத் திருப்பு, தாளத் திருப்புன்னு புள்ளைங்கள எத்தன வருஷம் வெரட்டியிருப்பீங்க?

என்ன எந்திரிச்சிட்டீங்க? ரொம்ப சந்தோஷம், அப்படியே நில்லுங்க, ரெண்டு தேய் தேய்ச்சா... கோவமா? நியாயம்தான். ஒன்பது நாளா உங்க ஓய்வூதியத்தப் பத்தி ஒருத்தனும் கேக்கல. எல்லாரும் நாற்காலியப் பத்தியே கேக்கறான். அதுக்கும் நான்தான் காரணம். ஒத்துக்கறேன்... நாற்காலிய ஏன் மடக்கறீங்க? சார்! எங்க போறீங்க? நாற்காலிய வெச்சுட்டுப் போங்க சார்!

ஐயையோ, தூறல். மேகத்தத் திருப்பற தட்டு மட்டும் நெசமா இருந்திருந்தா இப்பத் திருப்பியிருப்பேனே!

சார், தலைக்கு மேல பிடிக்காதீங்க! வேண்டாம்! எழுத்து வெளிய தெரியுது... போச்சு. அவரப் பாத்துப் பக்கத்து அம்மாவும் மடக்கிட்டாங்க. இந்த வரிசை. அடுத்த வரிசை. எல்லாரும் குடையாக்கிட்டாங்களே! எதிர் மாடியில கேமராக்காரன் எந்திரிச்சு நிக்கறான். நானூறு நாற்காலி, முப்பத்தொண்ணுதான் சுரண்டினது. மிச்சம் முந்நூத்து அறுபத்தொம்பது.

போன் எங்க? சட்டைப் பையில... ஆங்.

ஹலோ. மேடம், நான்தான். மைக் முன்னால போயிட்டீங்களா? போவல இல்ல? அந்தத் தாளப் படிக்காதீங்க. கிழிச்சுப் போடுங்க. நாற்காலி நம்மளுது. நானூறும். ஆமா, உங்க முழங்கால்ல இடிச்ச அதே நாற்காலிதான். நான்தான் குடுத்தேன், கடுதாசி இல்லாம. உங்களுக்கு எதுவும் தெரியாது, அத நான் எங்க வேணா வந்து சொல்றேன்... திட்டறத அப்புறம் வெச்சுக்கலாம் மேடம், நாலு மணிக்கு இன்னும் பத்து நிமிஷம்தான் இருக்கு. எழுதிக்கோங்க. மூணு வரி. "நாற்காலி எங்களுடையது. அதில் உட்கார்ந்து கேட்கும் கேள்வி அவர்களுடையது. பதில் கிடைத்த பிறகு நாற்காலியைத் திருப்பித் தந்தால் போதும்."

ஹலோ? மழைச் சத்தம் மேடம், கேக்கல. என்ன? "இது உண்மைதானே?"வா?

உண்மைதான் மேடம். முந்நூத்து அறுபத்தொம்பது தலைக்கு மேல எழுதியிருக்கு. இந்தத் தடவ படிச்சுட்டுத்தான் சொல்றேன்.