தொண்ணூற்றொன்பதாம் பதிப்பு

காபியை ஆறவிடாதீர்கள். எங்கள் பாங்யோ அலுவலகத்தில் உருப்படியானது அது ஒன்றுதான்.

தனியாக வாழும் முதியவர்களின் வீட்டில் நாங்கள் ஒரு சின்னப் பெட்டி வைக்கிறோம். பன்னிரண்டு மணி நேரம் நடமாட்டம் இல்லையென்றால் அது பிள்ளைகளுக்குத் தகவல் அனுப்பும். அனுப்புகிற நிரலை எழுதியவன் கில்-சூ. என்னைவிட ஏழு வயது இளையவன். சுன்சனில் தனியாக இருந்த தன் அம்மாவை நினைத்துத்தான் எழுதினான்.

சூசொக் அறுவடைத் திருநாள் விடுமுறைக்கு முன் மென்பொருளின் புதிய வெளியீடு போக வேண்டும். ஜாவா நிரல்மொழியில் ஒரு நிரல் தொகுப்பைக் கேட்டால் அது தன் சொந்தபந்தங்களையும் இழுத்துக்கொண்டு வரும். தகவல் அனுப்புகிற கில்-சூவின் பழைய தொகுப்பு அப்படிப் பல வழிகளில் உள்ளே வந்து, நான் எழுதிய புதியதோடு முட்டிக்கொண்டது. ஒவ்வொரு வழியாக அடைக்க நாற்பது இடங்களில் கைவைக்க வேண்டும். எனக்குப் பொறுமை இல்லை. அதே பெயரில் ஒரு வெற்றுத் தொகுப்பு செய்தேன். கூப்பிட்டால் சரி என்று சொல்லும், வேலை எதுவும் செய்யாது. பதிப்பு எண் 99 என்று போட்டேன். பெரிய எண் எதுவோ அதைத்தான் தொகுப்புகளைச் சேர்க்கும் கருவி எடுத்துக்கொள்ளும். சோதனையில் எல்லாம் பச்சையாக வந்தது. புதியதை இணைக்கும் வேலையை விடுமுறைக்குப் பின் வைத்துக்கொண்டேன். நான்கு நாள்தானே.

விடுமுறையில் அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும். நான் மாமனார் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது.

"அம்மா தனியா இருக்காங்கண்ணே" என்றான் கில்-சூ.

"உன் பெட்டி மேல உனக்கே நம்பிக்கை இல்லியாடா?"

சிரித்துக்கொண்டு தங்கிவிட்டான்.

இரண்டாம் நாள் காலை போன் செய்தான். நான் மாமியார் செய்த சொங்பியன் கொழுக்கட்டையைத் தின்றுகொண்டிருந்தேன்.

"அண்ணே, அம்மா நேத்துலேர்ந்து போன் எடுக்கல. பெட்டியும் சும்மா இருக்கு. ஒரு எட்டு போயிப் பாத்துட்டு வந்துடவா?"

பெட்டி இப்போது தகவல் அனுப்பாது என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். சொன்னால் வெளியீட்டைத் திரும்பப் பெற வேண்டும், என் பெயர் கெடும்.

"பெட்டி சும்மா இருந்தா அம்மா நடமாடிக்கிட்டு இருக்காங்கன்னுதானடா அர்த்தம்? பக்கத்து வீட்ல கொழுக்கட்டை பிடிக்கப் போயிருப்பாங்க."

"ஆமால்ல" என்றான். அந்தக் குரலில் இருந்த நிம்மதியை நினைத்தால் எனக்கு இப்போதும் அழுகை வருகிறது.

அவன் அம்மாவுக்குக் குளியலறையில் விழுந்து இடுப்பு முறிந்திருந்தது. மூன்றாம் நாள் காலைவரை உயிர் இருந்திருக்கும் என்றார் மருத்துவர். அஞ்சலிக் கூடத்தில் துக்கத்துக்கு வந்தவர்களுக்குப் பரிமாறும் மாட்டிறைச்சிச் சூப்பைத் தொடாமல், கில்-சூ என் தோளில் சாய்ந்துகொண்டு கேட்டதையே கேட்டான்.

"என் புரோகிராம்ல எங்கண்ணே தப்பு பண்ணேன்?"

"மனுஷன்னா தப்பு வரும்டா" என்றேன்.

வேலையை விட்டுவிட்டான். பழுதைச் சரிசெய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. சரிசெய்துவிட்டேன் என்று எழுதிக் கொடுத்தேன். இப்போதெல்லாம் பொய் எச்சரிக்கையே வருவதில்லை என்று நலத்துறை அலுவலகம் நன்றிக் கடிதம்கூட அனுப்பியது.

நீங்கள் விசாரிக்க வந்திருப்பது போன வாரம் வீட்டில் பிணமாகக் கண்டெடுத்த பெரியவரைப் பற்றி என்று தெரியும். ஆமாம், அந்த 99 இன்னும் உள்ளேதான் இருக்கிறது. எடுத்திருந்தால், அதை யார் வைத்தது, எந்தத் தேதியில் வைத்தது என்று பேச்சு வந்திருக்கும், கில்-சூவின் காதுக்குப் போயிருக்கும். அம்மாவும் போய், அண்ணனும் இல்லையென்றால் அவன் தாங்க மாட்டான். அவனுக்காகத்தான் விட்டுவைத்தேன்.