பயன்பாட்டில் உள்ளவை மட்டும்

காலையில் ஸ்கூட்டரை நிறுத்த நிழலான இடம் கிடைத்துவிட்டால் எனக்கு அன்றைக்கு நல்ல நாள். மைசூர் அக்ரஹாரத்திலிருந்து கிளம்பி எல்லோருக்கும் முன்னால் நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவது அதற்காகத்தான். வேலைமேல் உள்ள பக்தி என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை. அவர்கள் எதைத்தான் சரியாக நினைத்திருக்கிறார்கள்?

நீங்கள் தமிழ்நாட்டு எல்லையோர ஹனூர்ப் பக்கத்துக்காரர், தமிழ் படிப்பீர்கள் என்பதால் இதைத் தமிழிலேயே எழுதித் தருகிறேன். உங்கள் ஸ்டேஷன் ஆட்கள் கன்னடத்தில் மாற்றும்போது கொஞ்சம் கவனமாக மாற்றச் சொல்லுங்கள். நான் எழுதாத ஒன்றை நான் எழுதியதாகப் படிக்க எனக்குப் பிடிக்காது.

என் பெயர் வேலாயுதம். ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை. அங்கே உள்ள கருவிகள் அத்தனையும் ஒரு தரவுத்தளத்தில் பதிவாகியிருக்கும். எது எங்கே இருக்கிறது, எது எதை நம்பி ஓடுகிறது, எல்லாம். கருவிகளைக் கம்ப்யூட்டர் வலையோடு சேர்க்கும் இணைப்புப் பெட்டி ஒன்றை அணைப்பதற்கு முன்னால் அதில் தேடிப் பார்க்க வேண்டும். இதை அணைத்தால் வேறு எவை எவை நின்றுபோகும் என்று அது வரிசையாகக் காட்டும். அந்தத் தரவுத்தளத்தைக் கட்டியவன் நான். ஒவ்வொரு கேபிளும் எங்கே போய் முடிகிறது என்று பார்க்க, பொய்க்கூரைக்கு மேல் எலிப் புழுக்கைகளுக்கு நடுவே ஊர்ந்திருக்கிறேன். எங்கள் பெரிய அதிகாரி மஞ்சுநாத் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்ததே இல்லை. பார்த்தாலும் அவருக்குப் புரிந்திருக்காது.

போன வருஷம் எனக்கு மேலே தாரணியைக் கொண்டுவந்து வைத்தார்கள். மைசூரிலேயே வளர்ந்த தமிழ்ப் பெண். பெங்களூரில் கொஞ்ச காலம் வேலை பார்த்தவள். வயிற்றெரிச்சலில் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். வயிற்றெரிச்சல் சமமானவர்கள்மேல் வருவது.

வந்த முதல் வாரத்திலேயே என் மேசைக்கு வந்தாள்.

"சார், ஒண்ணு தேடினா இத்தனை வரிசை வருது. இதையெல்லாம் யாரு படிக்கிறது? பழசு, ஸ்டோர்ல கிடக்கறது, எல்லாம் வருது. ஓடிட்டிருக்கற மெஷின் மட்டும் வர்ற மாதிரி ஃபில்டர் போட்டுக் கொடுங்களேன்."

"போட்டா மத்தது எதுவும் கண்ணுல படாது மேடம்."

"படவேண்டாம் சார். எனக்கு வேணுங்கறது வந்தா போதும்."

"சரி மேடம்."

"ஆய்த்து சார், தேங்க்ஸ்," என்று சிரித்துவிட்டுப் போனாள். நல்ல பெண்தான். முட்டாள்களில் நல்லவர்கள் நிறைய உண்டு.

ஃபில்டர் போட்டுக் கொடுத்தேன். ஒவ்வொரு கருவிக்கும் அதன் நிலையைக் குறிக்க ஒரு கட்டம் உண்டு. அதில் 'பயன்பாட்டில் உள்ளது' என்று இருந்தால் திரையில் வரும். வேறு எது இருந்தாலும் வராது. எதுவுமே இல்லாமல் வெறுமையாக இருந்தாலும் வராது. இந்தக் கடைசி விஷயத்தை எந்தக் கத்துக்குட்டியும் கேட்டிருப்பான். அவள் கேட்கவில்லை. மஞ்சுநாத்தும் கேட்கவில்லை. கூட்டத்தில் அவர், "பாருங்க, இப்பதான் க்ளீனா இருக்கு," என்றார்.

க்ளீன். நான் ஊர்ந்து ஊர்ந்து சேர்த்தது முழுக்க அவருக்குக் குப்பையாகத் தெரிந்திருக்கிறது.

முதலில் கேன்டீன் பில் போடும் இயந்திரத்தின் கட்டத்தை வெறுமையாக்கினேன். அடுத்த முறை அந்தப் பக்கத்து இணைப்புப் பெட்டியை அணைத்தபோது கேன்டீன் நின்றுபோனது. டாக்டர்கள் டோக்கன் இல்லாமல் பிசிபேளேபாத்துக்கு வெறும் தட்டோடு நின்றார்கள். இது ஏன் வரிசையில் வரவில்லை என்று ஒருவராவது வந்து கேட்பார் என்று காத்திருந்தேன். "கரண்ட் ப்ராப்ளமா இருக்கும்," என்றார் மஞ்சுநாத். தாரணி தலையாட்டினாள். அவ்வளவுதான் அவர்கள் ஆராய்ச்சி.

திரையில் இருப்பதுதான் உலகம் என்று நம்புகிறவர்களிடம் எத்தனை உயிர்களை ஒப்படைத்திருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்குப் பட்டது. இதை யாராவது அவர்களுக்குப் புரியவைக்க வேண்டும். சொல்லிப் புரிகிற ஆட்கள் இல்லை.

தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒவ்வொரு படுக்கைக்கும் பக்கத்தில் இதயத் துடிப்பைக் காட்டும் கருவி இருக்கும். நோயாளிகள் தூங்க வேண்டும் என்று அதன் சத்தத்தை அங்கே குறைத்தே வைத்திருப்பார்கள். நர்ஸ் மேசையில் உள்ள பெரிய திரைதான் கூப்பாடு போடும். படுக்கையிலிருந்து அந்தத் திரைக்குச் செய்தியைக் கொண்டுபோவது இரண்டாவது மாடியில் உள்ள ஒரு பழைய சர்வர். அதன் கட்டத்தை வெறுமையாக்கினேன். பொய்யாக எதையும் அதில் எழுதவில்லை. இருந்ததை எடுத்தேன், அவ்வளவுதான்.

இரண்டாவது மாடி இணைப்புப் பெட்டியை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாற்றுவதாக இருந்தது. முந்தின நாள் தாரணி தேடிப் பார்த்தாள். இரண்டு பிரிண்டரும் வரவேற்பறைக் கம்ப்யூட்டரும் வந்தன.

"இவ்வளவுதானா சார்?"

"ஸ்க்ரீன்ல வந்திருக்கறது அவ்வளவுதான் மேடம்."

என் பதிலை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். அதில் உள்ள இடைவெளி வழியாக ஒரு லாரி போகலாம். அவள் அனுமதிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு விடுமுறை. ஆனாலும் போனேன். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே சொந்தக்காரர்கள் உட்காரும் வராந்தாவில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். அங்கிருந்து கண்ணாடி வழியாகக் கடைசி அறைப் படுக்கை தெரியும். அதில் மல்லப்பன் என்று ஒருவர். மார்டள்ளிக்காரர், கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து நெஞ்செலும்பு நொறுங்கி வந்தவர். தேறிவிட்டார், மறுநாள் வார்டுக்கு மாற்றுவதாகச் சொல்லியிருந்தார்கள். இதை அவர் மனைவி தேவம்மாதான் சொன்னார். என் பக்கத்து நாற்காலியில் இருந்தார்.

பெட்டியை அணைத்தார்கள். நர்ஸ் மேசைத் திரை இருட்டாகியிருந்தால் ஒரு குழந்தைகூடக் கவனித்திருக்கும். அது இருட்டாகவில்லை. கடைசியாக வந்த எண்களோடு அப்படியே உறைந்து நின்றது. எல்லாப் படுக்கையிலும் எல்லோரும் நலம். நர்ஸ் சொர்ணலதா புதிதாக வந்த ஒரு நோயாளியோடு மல்லாடிக்கொண்டிருந்தாள். அவ்வப்போது நிமிர்ந்து திரையைப் பார்த்தாள், திருப்தியாகத் திரும்பினாள். எண்கள் ஒரு புள்ளிகூட மாறவில்லையே என்று அவளுக்குத் தோன்றவில்லை. பார்ப்பது வேறு, படிப்பது வேறு என்பதை அந்தக் கட்டடத்தில் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை.

மல்லப்பனின் இதயம் நின்றது அந்த நேரத்தில்தான். என் சட்டைப் பையில் போன் இருந்தது. எடுக்கவில்லை. நான் எடுத்தால் நான் கவனித்ததாக ஆகும். அவர்கள் கவனித்ததாக ஆகாது. சொர்ணலதா மருந்து மாற்ற உள்ளே போய்க் கத்தியபோது நேரம் கடந்துவிட்டது.

ஆஸ்பத்திரி விசாரணையில் தாரணி எதையும் மறைக்கவில்லை. தப்பு என்னுடையதுதான், வேலாயுதம் சாரை இழுக்காதீர்கள் என்று அழுதாளாம். அவளை வேலையை விட்டு நீக்கினார்கள். சொர்ணலதாவையும் நீக்கினார்கள். அதோடு முடிந்திருக்கும், நானும் வழக்கம்போல நிழலில் ஸ்கூட்டரை நிறுத்திக்கொண்டிருப்பேன்.

ஆனால் அறிக்கையில் மஞ்சுநாத் ஒரு வாக்கியம் எழுதினார்: 'தரவுத்தளத்தில் பதிவுகள் முழுமையாக இல்லாததே மூலகாரணம்.' முழுமையாக இல்லையாம். அந்தச் சர்வரின் பதிவு உள்ளேதான் இருந்தது. ஃபில்டரை எடுத்துவிட்டுத் தேடுங்கள், எல்லாத் தொடர்புகளோடும் வரும். அதை நிரூபிக்கத்தான் நானாக உங்கள் ஸ்டேஷனுக்கு நடந்து வந்தேன். அந்த வாக்கியத்தைத் திருத்தச் சொல்லுங்கள். அதற்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

இதுவரை எழுதியதை வாங்கிப் படித்துவிட்டு நீங்கள் ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள். அந்த அம்மாள் பக்கத்தில் அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தீர்களே, அவர் உங்களிடம் ஒன்று கேட்டதாகச் சொல்கிறாரே, அதை ஏன் எழுதவில்லை என்று. தேவையில்லை என்று விட்டுவிட்டேன். கேட்டதால் எழுதுகிறேன்.

கண்ணாடிக்குள்ளே மல்லப்பன் தலைமாட்டுக் கருவியில் சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிய ஆரம்பித்தது. நான் பார்த்தேன். தேவம்மாவும் பார்த்தார். எழுந்து நின்றார்.

"ஏனுங்க, இத்தன நேரம் அந்த லைட்டு எரியலீங்களே. இப்ப எதுக்குங்க மினுக்குது? நர்ஸம்மாவக் கூப்புடட்டுங்களா?"

"மெஷின் ஓடிட்டிருக்குன்னு அர்த்தம்மா. உக்காருங்க."

"நான் பயந்தே போயிட்டனுங்க. படிச்சவிங்க நீங்க பக்கத்துல இருந்தீங்க, நல்லதாப் போச்சுங்க," என்று சொல்லி அவர் உட்கார்ந்தார். பிறகு தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நீட்டினார். வாங்கிக் குடித்தேன்.

மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. நான் அவரிடம் பொய் சொல்லவில்லை.