தெருக் கண்ணாடி

பொம்மையை அடிப்பலகையில் பிடித்துத் தூக்குங்கள் இன்ஸ்பெக்டர் ஐயா. வார்னிஷ் பூசி இரண்டு நாள்தான் ஆகிறது, தோளைத் தொட்டால் ரேகை பதிந்துவிடும். கட்டைவிரல் உயரம்தான் இருக்கிறான். ஆனால் இவனுக்கு வண்ணம் பூச எனக்கு ஐந்து வாரம் பிடித்தது.

இருநூறு வருடத்துக்கு முந்தைய ஒரு படையின் தையல்காரன் இவன். காலை மடக்கி உட்கார்ந்து, எவனோ ஒரு சிப்பாயின் சிவப்புச் சட்டையை மடியில் போட்டுத் தைக்கிறான். பொம்மை வீரர்களைச் செய்கிறவர்கள் தளபதியைச் செய்வார்கள், குதிரைக்காரனைச் செய்வார்கள். "சண்டைக்குப் போனவன் எல்லாம் அம்மணமாவா போனான்? துணி தெச்சவனை ஒருத்தனும் செய்ய மாட்டேங்கறான்" என்று என் நண்பன் புலம்புவான். அவன் தையல்காரன். ஆள் ஒல்லி, அதனால் ஊசி என்று கூப்பிடுவேன். எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடை, அதனால் அவனுக்கு நான் பூதக்கண்ணாடி. எதிரெதிர்க் கடைகள், நடுவில் தெரு.

இருபத்திரண்டு வருடம், தினமும் மாலை ஆறு மணிக்கு, என் கடையின் பின்னறையில் ஒரே மேசையில் உட்கார்ந்து பொம்மை வீரர்களைச் செய்து வண்ணம் பூசினோம். உடுப்பு அவன் பங்கு, முகம் என் பங்கு. "சட்டை எனக்கு, கண்ணு உனக்கு" என்பது அவன் போட்ட சட்டம். ஒரு பொத்தான் இடம் மாறியிருந்தால் அவனுக்குச் சோறு இறங்காது. என் மனைவி போன பிறகு அந்த இரண்டு மணி நேரம்தான் எனக்கு நாள் என்று இருந்தது.

போன வருடம் ஒருநாள் தூரிகையைக் கழுவிக்கொண்டே சொன்னான். "பொண்ணு வெளியூர்ல தனியா கஷ்டப்படுதுடா. கடைய மூடிட்டு அவகூடப் போய் இருந்துடறேன். அடுத்த மாசம் கிளம்பலாம்னு இருக்கேன்." நல்ல விஷயம்தானே என்றேன். அன்று நான் வரைந்துகொண்டிருந்த கண் கோணிக்கொண்டது. துடைத்துவிட்டு மறுபடி வரைந்தேன்.

அடுத்த வாரம் அவன் கண்ணைப் பரிசோதித்தேன். அவனிடம் இரண்டு கண்ணாடி உண்டு. கிட்டத்து வேலைக்கு மேசைக் கண்ணாடி, வெளியே போக தெருக் கண்ணாடி. மேசைக் கண்ணாடிக்குச் சரியான பவர் போட்டேன். தெருக் கண்ணாடியில் கொஞ்சம் மாற்றினேன். எதிரே வருகிற முகம் தெரியும், பஸ்ஸின் நம்பர் தெரியாது. அவ்வளவுதான்.

கண் மங்குகிறது என்று பத்தே நாளில் வந்து நின்றான். தூரப் பார்வை இறங்கியிருக்கிறது, பெரிய டாக்டரிடம் கேட்டேன், மூன்று மாதம் பயணம் கூடாதாம் என்றேன். எந்த டாக்டரிடமும் நான் கேட்கவில்லை. அவன் போய்க் கேட்டிருக்கலாம். "நீ பாத்தா போதாதா, டாக்டர் எதுக்குடா" என்றான். இப்படி நம்புகிறவனை வைத்துக்கொண்டு என்ன செய்வது, சொல்லுங்கள்.

மூன்று மாதம் ஏழு மாதம் ஆனது. நடுவில் இரண்டு தடவை பவரை இன்னும் மாற்றினேன், கண் பழகிவிடக் கூடாதல்லவா. கடைசியில் பத்தடிக்கு அப்பால் அவனுக்கு எல்லாமே கலங்கல்தான். ஆறு மணிக்கு நானே போய்க் கையைப் பிடித்துத் தெருவைக் கடத்திக் கூட்டி வருவேன். மேசைக் கண்ணாடியைப் போட்டதும் அவன் முகம் மலர்ந்துவிடும். "இங்க வந்தாத்தான்டா எனக்கு உலகமே தெரியுது" என்பான். அதைக் கேட்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

லாரி மோதிய அன்று அவன் ஆறு மணி வரை காத்திருக்கவில்லை. நான்கு மணிக்கே தனியாகத் தெருவில் இறங்கிவிட்டான். லாரிக்காரர் உங்களிடம் சொன்னது உண்மை: "என்னை நேராப் பாத்துக்கிட்டேதான் சார் நடந்து வந்தாரு." நான் ஓடிப் போனபோது அவன் கை மூடியிருந்தது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். உள்ளே இந்தப் பொம்மை இருந்தது. களிமண்ணில் அவனே செய்திருக்கிறான், என்னிடம் காட்ட எடுத்து வந்திருக்கிறான். அதற்குப் பிறகு இந்த ஐந்து வாரமும் எதிர் நாற்காலியைப் பார்க்காமல்தான் வண்ணம் பூசினேன். சட்டையையும் நானே பூசவேண்டி வந்தது. நன்றாக வரவில்லை. அதற்குத்தான் அழுதேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அவருக்குக் கண் தெரியாது என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள், லாரிக்காரரை விட்டுவிடலாம் என்றீர்கள். எழுதியும் வைத்திருந்தேன். இன்று காலை அவன் மகள் கடைக்கு வந்தாள்.

"மாமா, எனக்கும் ரெண்டு வாரமா எல்லாம் மங்கலாத் தெரியுது. அப்பாவுக்கு வந்தது எனக்கும் வந்துடுமோன்னு பயமா இருக்கு. நீங்களே பாத்துச் சொல்லுங்க."

பார்த்தேன். அவள் கண்ணில் ஒரு குறையும் இல்லை, அழுது சிவந்திருக்கிறது, அவ்வளவுதான். அவள் அப்பா கண்ணிலும் வயதுக்கு வருகிற பவரைத் தவிர ஒரு குறையும் இருந்ததில்லை. கோளாறு கண்ணாடியில் இருந்தது, அதை வைத்தவன் நான். இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

அவள் இப்போது என் கடையில்தான் உட்கார்ந்திருக்கிறாள். வேறு யாரையாவது அனுப்பி, உன் கண் நல்ல கண்தான், ஊருக்குப் போம்மா என்று சொல்லச் சொல்லுங்கள். காலையில் அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன் ஐயா. "கொஞ்ச நாள் இங்கயே இரும்மா, இன்னொரு தடவை பாத்துடலாம்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.