பின்னால் இறப்பவர்

புட்டு ஆறிவிட்டால் அப்பா தொடமாட்டார், சார். அதனால் அவருக்கு இன்சுலின் ஊசி போட்ட கையோடு அடுப்பில் ஏற்றிவிடுவேன். கால் மணி நேரத்தில் தட்டு முன்னால் இருக்க வேண்டும். பதினோரு வருடமாக ஒரு நாளும் தவறியதில்லை.

கொச்சங்காடியில் இந்த இரண்டு சென்ட் வீட்டை அப்பாவும் அம்மாவும் சேர்ந்து வாங்கினார்கள். உயிலையும் சேர்ந்தே எழுதினார்கள். ஒருவர் போனால் மற்றவருக்கு வீடு. பின்னால் இறப்பவர் எந்தப் பிள்ளையின் பராமரிப்பில் இறக்கிறாரோ, அதன் பிறகு அந்தப் பிள்ளைக்கு.

பத்திரம் எழுதிய ராமபத்ரன் பேனாவை வைத்துவிட்டார். "மரிக்கும்போது யார் கூடன்னு வேண்டா சேட்டா. இத்தனை வருஷம் யார் பார்த்தாங்கன்னு எழுதலாம்."

"பார்த்ததுக்கு எவன் ரசீது தருவான்?" என்றார் அப்பா. "செத்தா சர்டிபிகேட் உண்டுல்லா. அதுல அட்ரஸும் உண்டு."

அம்மா சிரித்தாள். குடை பிடிக்கப் போயிருந்த நானும் சிரித்தேன்.

அம்மா முதலில் போனாள். அப்பாவை நான் பார்த்துக்கொண்டேன். என்னைப் பார்க்க வந்த இரண்டு மாப்பிள்ளை வீட்டாரும் அப்பாவின் கட்டிலையும் பார்த்தார்கள். சாயா குடித்துவிட்டுப் போனார்கள். அண்ணன் ரமேஷ்பாபு எர்ணாகுளம் ஃபிளாட்டிலிருந்து ஓணத்துக்கு வருவான்.

போன மாதம் டாக்டர், சிறுநீரகம் போய்விட்டது, இரண்டு மாதம் தாண்டாது என்றார். அண்ணனுக்கு நான்தான் போனில் சொன்னேன். மறுநாள் அவனே கூப்பிட்டான். "அப்பா இனி எங்க கூட நிக்கட்டும் செல்வி. ஞாயிறு பதினோரு மணிக்கு வண்டி கொண்டு வரேன்." அவன் இந்த வீட்டை நினைத்துக் கூப்பிட்டான் என்று நான் சொல்லவில்லை. அண்ணி ஷைலஜா புது மெத்தை வாங்கிப் போட்டிருந்தாள்.

அப்பாவுக்குச் சந்தோஷம். "நீயும் கொஞ்சம் உறங்கு மோளே. கண்ணு ரெண்டும் குழிஞ்சு போச்சு" என்றார்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஊசி போட்டேன். புட்டு வெந்தது. நான் எடுத்து வைக்கவில்லை. அவருடைய வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன்.

"செல்வி, சாயாவாவது தா. கை நடுங்குது."

"இதோப்பா" என்றேன்.

அவருக்கு வேர்த்துக் கொட்டியது. சர்க்கரை டப்பா என் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து என்னை அம்மா பெயர் சொல்லி, பொன்மணி என்று கூப்பிட்டார். அதற்கும் இதோ என்றேன். காலர் படிய நேரமானது. பத்து மணி சுமாருக்கு மூச்சு நின்றது.

அண்ணன் வந்து அழுதான். பிறகு எனக்குச் சாயா போட அடுக்களைக்குப் போனவன் புட்டுக்குழாயைத் திறந்து பார்த்திருக்கிறான். புட்டு உடையாமல் முழுதாக இருந்தது.

ஆமாம், சாகட்டும் என்றுதான் கொடுக்காமல் இருந்தேன். கொன்றவளுக்கு வீடு வராது என்கிறீர்கள். வர வேண்டாம், சார். நான் களைத்துவிட்டேன். ஆனால் கடைசி மூச்சு வரைக்கும் அப்பா என் பராமரிப்பில்தான் இருந்தார் என்பதை மட்டும் எழுதாமல் விட்டுவிடாதீர்கள்.