முதல் கூப்பாட்டுக்கே

பொழுது சாய்ந்து ஏழு மணி இருக்கும். ஜவ்வாது மலையில் மேலே ஏறுகிற ரோடு. மழை விட்டு அரை மணி... ஈ காக்காய் கிடையாது. நெருங்கி உட்காருங்கள், கத்திச் சொல்லுகிற கதை இல்லை இது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று அதோ குணசீலன் இப்போதே சிரிக்கிறான். சிரிக்கட்டும்.

என் சிநேகிதி கவியாவின் தங்கை ஜெயசுதா சொன்னது. கல்லூரியில் படிக்கிற பெண்களுக்கு மலைமேல் இலவச ஹாஸ்டல் ஒன்று உண்டு. ஜெயசுதா அங்கேதான் தங்கிப் படிக்கிறாள். அவளுக்கு முன்னால் அங்கே இருந்த நதியாவுக்கு நடந்தது.

நதியாவுக்குப் புதூர்நாட்டுப் பக்கம் ஒரு சின்ன ஊர். அங்கிருந்து தினம் கல்லூரிக்கு வந்துபோக பஸ் ஏது? ஹாஸ்டலில் இடம் இருந்தால் படிப்பு. இல்லாவிட்டால் மாமன் மகன் சின்னராஜோடு கல்யாணம். அப்பா பேசியே முடித்துவிட்டார்.

ஹாஸ்டலில் ஒரு சட்டம். லீவு முடிந்து திறக்கிற அன்று, இருட்டியதும் வார்டன் சுந்தரம்மாள் வாசலில் நின்று பேர் கூப்பிடுவார். ஒரே தடவை. பதில் வராவிட்டால் அந்தக் கட்டில் வேறொருத்திக்குப் போய்விடும். மலையில் வேறு சட்டம். இருட்டில் யார் பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் மூன்றாவது தடவைதான் வாய் திறக்க வேண்டும். அதற்கு... இரண்டு தடவைக்கு மேல் கூப்பிட வராதாம்.

முதல் வருஷம் நதியா மூன்றாவது கூப்பாட்டுக்குக் காத்திருந்து இடமே போகப் பார்த்தது. அழுது, காலில் விழுந்து மீட்டாள். அன்றிலிருந்து முதல் கூப்பாட்டுக்கே பதில் சொல்லப் பழகிக்கொண்டாள். பழகியிருக்கக் கூடாது.

அடுத்த வருஷம் லீவு முடிந்து, பலாப்பழம் ஏற்றிய ஜீப்பில் வந்தாள். வழியில் டயர் வெடித்தது.

"ஸ்டெப்னி இல்ல பாப்பா. இங்கயே குந்து, பின்னாடி எதுனா வண்டி வரும்" என்றார் டிரைவர் ராஜாக்கண்ணு.

"இல்லண்ணா, பேர் கூப்ட்ருவாங்க. நடந்தே போய்ட்றேன்."

ஓட்டமும் நடையுமாகப் போனாள். ஈரமண் வாசனை. செருப்பு சளக்... சளக். ஒரு வளைவில் தவளைச் சத்தம் பட்டென்று நின்றது. பலாப்பழ வாசனை மட்டும் கூடவே வந்தது. ஜீப் எங்கேயோ பின்னால் கிடந்தது.

அப்போதுதான்...

"நதியா!"

சுந்தரம்மாள் மேடத்தின் குரல். அதே கரகரப்பு. ஹாஸ்டலுக்கு இன்னும் நாலைந்து வளைவு இருக்கிறது, அவ்வளவு தூரம் குரல் கேட்குமா? பாவம், அவள் அதை யோசிக்கவில்லை. கட்டில் போய்விடுமே என்கிற பயம் ஒன்றுதான்.

"உள்ளேன் மேடம்!"

மறுபடி அமைதி. யாரோ 'ம்' என்ற மாதிரி... காதுக்குப் பக்கத்திலேயே.

ஹாஸ்டல் கேட் பூட்டிக் கிடந்தது. தட்டினாள். மேடம் வந்து டார்ச் அடித்தார்.

"யாரும்மா நீ?"

"நதியா மேடம். ஜீப் டயர் வெடிச்சி..."

"நதியாவா? அவ அப்பவே வந்துட்டா. சாப்ட்டு படுத்துட்டா. நீ யாரு வூட்டுப் பொண்ணு?"

வெளிச்சம் முகத்தில் நேராக விழுந்தும் மேடத்துக்கு அவளைத் தெரியவில்லை. அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"நாந்தாம்மா, நதியா."

"எம் பொண்ணு இப்பத்தான் பேசி வச்சா, எடம் கெடச்சிடுச்சின்னு. ராத்திரில இன்னா வெளாட்டு இது? யாருங்க நீங்க?"

பெற்ற தாய் கேட்கிற கேள்வியா அது!

மாடி ஜன்னலில் ஒருத்தி வந்து நின்றாள். இவள் முகமேதான். கீழே பார்த்தாள்... மெதுவாக ஜன்னலைச் சாத்திக் கொக்கி போட்டாள்.

உள்ளே இருந்தவள் நல்ல மார்க் எடுத்து டிகிரி முடித்தாள். இப்போது கலசப்பாக்கத்தில் வேலை என்று கேள்வி. அப்படியென்றால் இதையெல்லாம் ஜெயசுதாவிடம் சொன்னது யார்? நானும் அதைத்தான் கேட்டேன்.

போன வாரம் லீவு முடிந்து அந்த ரோட்டில் ஜெயசுதா தனியாக நடந்து வந்தாளாம். நனைந்த துணியோடு ஒரு பெண் கூடவே நடந்து இவ்வளவையும் சொன்னாளாம். அழவே இல்லையாம். கேட் தெரிந்ததும் நின்று, ஒன்றே ஒன்று கேட்டாளாம்.

"உம் பேரு இன்னா?"

ஜெயசுதா சொல்லிவிட்டாள்.